ஏர்கன் மேசையில் ஏர்சாஃப்டுக்கு இடம் உண்டா? பெங்களூரில் வாங்குபவருக்கு ஒரு மதிப்பீடு

கண்ணாடித் தட்டில் இரண்டு பிஸ்டல்கள் அருகருகே கிடக்கின்றன. இரண்டும் கறுப்பு. இரண்டின் ஸ்லைடிலும், அதாவது முன்னும் பின்னும் நகரும் மேல்பாகத்திலும், ஒரே கம்பெனிப் பெயர். இரண்டின் கைப்பிடிக்குள்ளும் 12 கிராம் சிஓ2 குப்பிதான் போகும். “ரெண்டும் பிபி கன்தான் சார், கைக்கு எது வாகா இருக்கோ எடுத்துக்கோங்க” என்பார் கடைப் பையன். அவர் சொல்வதில் பாதிதான் உண்மை. ஒன்று ஏர்கன்: குழல் 4.5 மி.மீ., சுடுவது இரும்புக் குண்டு. மற்றது ஏர்சாஃப்ட்: குழல் 6 மி.மீ., சுடுவது பிளாஸ்டிக் குண்டு. 0.34 கிராம் இரும்புக் குண்டு நொடிக்கு 120 மீட்டர் வேகத்தில் வெளியே வந்தால் அதன் ஆற்றல் சுமார் 2.4 ஜூல். 0.20 கிராம் பிளாஸ்டிக் குண்டு நொடிக்கு 105 மீட்டரில் வந்தால் 1.1 ஜூல். இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். போதாததற்கு, இரும்புக் குண்டு கெட்டியான பலகையில் பட்டால் சுட்டவர் முகத்துக்கே திரும்பி வரும். இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ஒரே பெயரில் விற்பதுதான் இந்த மதிப்பீட்டில் நாங்கள் சொல்லும் முதல் குறை, பெரிய குறையும் அதுதான்.

முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். குறிசுடும் கருவிகள் விற்கும் கடையிலும் கண்காட்சியிலும் ஏர்சாஃப்டுக்கு இடம் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். ஆனால் தனி மேசை, குண்டைத் தடுக்கத் தனி வலை, பார்த்துக்கொள்ளத் தனி ஆள். இந்த மூன்றும் இல்லாத இடத்தில் ஏர்சாஃப்ட் வாங்காதீர்கள்.

ஏர்சாஃப்டை உள்ளே விடலாமா என்ற இந்தச் சர்ச்சை வெளிநாட்டுக் கண்காட்சிகளில் பல வருடமாக ஓடுகிறது. ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் 1974 முதல் நடக்கும் ஐடபிள்யூஏ, அமெரிக்காவில் 1979 முதல் நடக்கும் ஷாட் ஷோ இரண்டும் வேட்டை, குறிசுடுதல் வியாபாரிகளுக்காகத் தொடங்கியவை. இரண்டிலும் இன்று ஏர்சாஃப்ட் கம்பெனிகள் கடை போடுகின்றன. பழைய வேட்டைக்காரர்கள் இதை விளையாட்டுச் சாமான் என்று முகம் சுளிக்கிறார்கள். அவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்: இந்த வியாபாரத்தை உள்ளே அழைத்து வந்ததே துப்பாக்கித் தொழில்தான். ஜெர்மனியின் உமாரெக்ஸ் 1993-ல் வால்தர் நிறுவனத்தையே வாங்கிக்கொண்டது. ஒலிம்பிக் வீரர்கள் பிடிக்கும் ஏர் ரைபிளில் இருக்கும் பெயரும் ஏர்சாஃப்ட் பிஸ்டலில் இருக்கும் பெயரும் ஒரே வீட்டிலிருந்து வருகின்றன. கிளாக் பெயரோடு வரும் ஏர்சாஃப்ட் பிஸ்டல்களும் உரிமம் பெற்றுச் செய்யப்படுபவைதான். பெயரை விற்றுப் பணம் வாங்கியவர்கள் மேசையை மட்டும் தரமாட்டோம் என்று சொல்வது நியாயமில்லை.

நம் ஊரில் நிலைமை வேறு. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991-ல் வந்த திருத்தமும் வேட்டையை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிட்டன. ஆகவே இங்கே வேட்டைக் கண்காட்சி என்ற பேச்சுக்கே இடமில்லை. துப்பாக்கி மேசைக்கு வருகிறவர்கள் மூன்று வகை. குடகுக்காரர்கள் ஒரு வகை. கொடவர்களுக்கும் ஜம்மா என்ற பரம்பரை நில உரிமை உள்ளவர்களுக்கும் துப்பாக்கி உரிமத்திலிருந்து விலக்கு இருக்கிறது, 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். ஆயுதங்களை வணங்கும் கைல்போது விழாவில் அவர்கள் துப்பாக்கிக்குச் சூட்டும் தோக் பூ வேறொன்றும் இல்லை, நம் செங்காந்தள்தான். துப்பாக்கியைப் பூசையில் வைப்பவர்கள் அவர்கள். அவர்கள் பக்கத்தில் நின்று ஒரு பையன் எம்4 என்ற ராணுவ ரைபிள் வடிவப் பிளாஸ்டிக் துப்பாக்கியை நண்பனின் நெற்றிக்கு நேரே நீட்டிச் செல்ஃபி எடுத்தால் கோபம் வரத்தான் செய்யும். அல்சூர், ஃப்ரேசர் டவுன் பக்கமிருந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, 10 மீட்டர் ஏர் பிஸ்டல் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று வருகிற பெற்றோர் இரண்டாவது வகை. ஏர்சாஃப்ட் ஆடுகிற, ஆட நினைக்கிற இளைஞர்கள் மூன்றாவது வகை.

அந்தக் கோபத்துக்கு அடியில் இருக்கும் காரணம் சரியானது, அதைத் தள்ளிவிடக் கூடாது. குறிசுடுதலில் முதல் நாள் பாடமே குழலை மனிதர் பக்கம் திருப்பாதே என்பதுதான். ஏர்சாஃப்ட் விளையாட்டில் மனிதரைக் குறிவைப்பதே ஆட்டம். இரண்டு பழக்கமும் ஒரே மேசையைச் சுற்றி நிற்கும்போது, எந்தத் துப்பாக்கிக்கு எந்த விதி என்பது புதிதாக வருகிற பிள்ளைக்குப் புரியாது. ஷாட் ஷோ அரங்கத்தில் வைக்கும் நிஜத் துப்பாக்கிகளின் ஃபயரிங் பின்னைக் கழற்றிவிட்டுத்தான் வைக்க விடுகிறார்கள். அந்த அளவு கறார் நம் மேசைகளிலும் வேண்டும். கண்காட்சியில் ஏர்சாஃப்டைக் காகித அட்டை, இரும்புத் தட்டு இலக்குகளில் மட்டும் சுட்டுக் காட்டட்டும். ஆள்மேல் சுடும் ஆட்டத்தை அதற்கென்று உள்ள மைதானத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

இனி பொருளுக்கு வருவோம். மேசையில் பொதுவாக மூன்று வகை இருக்கும்.

ஸ்பிரிங் பிஸ்டலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுக்க வேண்டும். பேட்டரி இல்லை, கேஸ் இல்லை, கெட்டுப்போக அதிகம் எதுவும் இல்லை. ஆற்றலும் அரை ஜூலைச் சுற்றியே இருக்கும். ஸ்லைடை இழுக்கும்போது பின்னால் ‘டக்’ என்று சுத்தமாக மாட்ட வேண்டும். இரண்டு முறை இழுத்தால்தான் மாட்டுகிறது என்றால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கொக்கி தேய்ந்துவிட்டது. வாங்க வேண்டாம்.

கேஸ் பிஸ்டல்தான் இந்த மேசையிலேயே மதிப்புள்ள பொருள். ஸ்லைடு பின்னுக்குப் போய் வரும், குண்டு தீர்ந்தால் திறந்தபடி நிற்கும், எடையும் நிஜத்துக்குக் கிட்டத்தில் இருக்கும். நடைமுறைத் துப்பாக்கிச் சுடுதல் போட்டிகளை நடத்தும் சர்வதேச அமைப்பான ஐபிஎஸ்சி, ஆக்ஷன் ஏர் என்று இதற்குத் தனிப் பிரிவே வைத்திருக்கிறது. அதன் முதல் உலகப் போட்டி 2018-ல் ஹாங்காங்கில் நடந்தது. கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளவே முடியாத ஜப்பானில் ஏர்சாஃப்டில் பழகிய தாத்சுயா சகாய், 2004-ல் அமெரிக்காவில் நிஜத் துப்பாக்கியால் சுட்டு, இரும்புத் தட்டு இலக்குகளை வேகமாகச் சுடும் ஸ்டீல் சேலஞ்ச் போட்டியில் பட்டம் வென்றார். பிடி, உறையிலிருந்து எடுப்பது, இரண்டு குறிகளையும் ஒரே கோட்டில் நிறுத்துவது, டிரிகரை விட்டு மறுபடி பிடிப்பது எல்லாமே ஏர்சாஃப்டில் பழகலாம். இது போதும், இதற்கு மேசையில் இடம் கொடுக்கலாம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆனால் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழக இது உதவாது. இதைப் பெற்றோருக்கு அழுத்தமாகச் சொல்கிறோம். 10 மீட்டர் அட்டையில் பத்துக்குப் பத்து தரும் வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. நல்ல கேஸ் பிஸ்டலும் அந்தத் தூரத்தில் ஓர் உள்ளங்கை அளவுக்குள்தான் குண்டுகளைச் சேர்க்கும். பிள்ளை சரியாகச் சுட்டாலும் குண்டு விலகிப் போகும், தவறாகச் சுட்டாலும் சில சமயம் நடுவில் விழும். தன் தவறு எது, கருவியின் தவறு எது என்று பிரித்துப் பார்க்க முடியாமல் கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். போட்டி பிஸ்டலில் டிரிகர் எடை குறைந்தது 500 கிராம் என்று விதி இருக்கிறது, அதை அளந்து பார்ப்பார்கள். ஏர்சாஃப்ட் டிரிகரில் அந்தத் துல்லியத்தை எதிர்பார்க்க முடியாது. கிளப்பில் சேர்க்க நினைப்பவர்கள் முதலில் கிளப்பின் பிஸ்டலிலேயே பழக வைத்துவிட்டு, பிறகு ஈயக் குண்டு (பெல்லட்) சுடும் 4.5 மி.மீ. பிஸ்டல் வாங்கட்டும்.

கேஸ் பிஸ்டலில் பணம் கரைவது, குண்டு நிரப்பிக் கைப்பிடிக்குள் செருகும் மேகசினில். உள்ளே கேஸ் அறையும் வால்வும் ரப்பர் வளையங்களும் மேகசினுக்குள்தான் இருக்கின்றன. கடையிலேயே இப்படிப் பாருங்கள். மேகசினைத் தலைகீழாகப் பிடித்து, குப்பியையும் கவிழ்த்து வால்வில் நேராக அழுத்தி ஐந்தாறு நொடி நிரப்பச் சொல்லுங்கள். சாய்வாக அழுத்தினால் பாதி கேஸ் வெளியே சீறிவிடும். நிரப்பியதும் மேகசின் சில்லென்று ஆகி, மேலே பனித்திவலை படியும். காதருகே வைத்துக் கேளுங்கள். ‘ஸ்ஸ்’ என்ற மெல்லிய சத்தம் கீழ்த்தட்டுப் பக்கமிருந்து வந்தால் பெரிய வளையம் காய்ந்திருக்கிறது. நிரப்பும் வால்விலிருந்து வந்தால் அதைத் திருகி இறுக்கி, ஒரு சொட்டு சிலிகான் எண்ணெய் விட்டாலே பெரும்பாலும் நின்றுவிடும். மேல்பக்கம், குண்டு வெளியேறும் வாயிலிருந்து வந்தால் கேஸை வெளிவிடும் வால்வு போய்விட்டது. அந்த மேகசின் வேண்டாம். பதினைந்து நிமிடம் மேசையிலேயே வைத்துவிட்டு, பிறகு ஒரு முழு மேகசின் சுட்டுப் பாருங்கள். கடைசிக் குண்டு போனதும் ஸ்லைடு திறந்து நிற்க வேண்டும்.

எந்தக் கேஸ் என்று கேட்பதும் முக்கியம். கிரீன் கேஸ் என்று விற்பது சிலிகான் எண்ணெய் கலந்த புரொப்பேன். ஆர்-134ஏ என்பது கார் ஏசி மெக்கானிக் நிரப்புகிற அதே கேஸ், அதில் எண்ணெய் தனியாகத்தான் விட வேண்டும். இரண்டிலும் அழுத்தம் சூட்டைப் பொறுத்தது. ஆர்-134ஏ, பெங்களூரு ஜனவரி காலையின் 15 டிகிரியில் சுமார் 5 பார் காட்டும், ஏப்ரல் மதியத்தின் 35 டிகிரியில் 9 பாருக்குப் பக்கத்தில் போகும். புரொப்பேன் அதே 35 டிகிரியில் 12 பார். ஜனவரியில் மந்தமாகச் சுட்ட பிஸ்டல் ஏப்ரலில் ஸ்லைடையே பிளக்கிற வேகத்தில் அடிக்கும். பிளாஸ்டிக் ஸ்லைடு உள்ள பிஸ்டலுக்கு ஆர்-134ஏ போதும். அதில் வருடம் முழுக்கப் புரொப்பேன் போட்டால் ஸ்லைடின் முன்பக்கம் மெல்லிய கோடாக விரிசல் விடும். வேகமாகச் சுடச் சுட மேகசின் குளிர்ந்து வேகம் குறைவதும் இதே காரணத்தால்தான், அது பழுது இல்லை. வீட்டுச் சமையல் சிலிண்டரிலிருந்து நிரப்பிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். மூடிய அறையில் கசியும் கேஸும் ஒரு தீப்பொறியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சிஓ2 வகையில் குப்பிக்குள் அழுத்தம் 20 டிகிரியிலேயே 57 பார். குப்பியை மாட்டித் திருகும்போது தயங்காமல் ஒரே திருகலில் குத்திவிட வேண்டும், மெதுவாகத் திருகினால் வாயருகே கசிந்து வளையம் உறைந்து கிழியும். கழற்றும்போது நேர்மாறு: மெல்ல, சத்தம் அடங்கும் வரை பொறுத்து. குப்பியை இரவு முழுக்க மாட்டியே வைத்தால் வளையங்கள் தட்டையாகிவிடும். கிரீன் கேஸ் மேகசினில் இதற்கு எதிர்: கொஞ்சம் கேஸ் உள்ளே விட்டு வைத்தால்தான் வளையங்கள் அழுந்தி நிற்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு மேகசினைக் கெடுத்தவர்கள் நிறையப் பேர்.

மூன்றாவது, பேட்டரியில் ஓடும் ரைபிள், ஏஇஜி. 1991-ல் ஜப்பானிய நிறுவனமான டோக்கியோ மாருயி கொண்டுவந்த அமைப்பு இன்றும் அடிப்படையில் மாறவில்லை. மோட்டார் மூன்று பல்சக்கரங்களைச் சுழற்றும், கடைசிச் சக்கரம் பிஸ்டனின் பற்களைப் பிடித்துப் பின்னுக்கு இழுக்கும், ஸ்பிரிங் அதை முன்னுக்குத் தள்ளும், முன்னால் உள்ள காற்று குண்டை உந்தும். எம்4 வடிவத்தில் இருப்பது பெரும்பாலும் வெர்ஷன் 2 கியர்பாக்ஸ், ஏகே வடிவத்தில் வெர்ஷன் 3. வெர்ஷன் 2-ன் கூடு முன்பக்கம், சிலிண்டர் தலை மோதும் இடத்தில் மெல்லியது. பலமான ஸ்பிரிங் போட்டால் முதலில் விரிசல் விடுவது அங்கேதான்.

வாங்கும் முன் சத்தத்தைக் கேளுங்கள். ஒற்றைச் சுடலில் பத்து முறை, தொடர்ச்சுடலில் இரண்டே நொடி. சீரான ‘டட்டட்’ வந்தால் நல்லது. கீச்சென்ற ஊளைச் சத்தம் வந்தால் மோட்டார் நுனியில் உள்ள சிறிய பல்சக்கரமான பினியன், உள்ளே இருக்கும் பல்சக்கரத்தோடு சரியாகப் பொருந்தவில்லை. கைப்பிடிக்கு அடியில் இருக்கும் சிறிய திருகைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி, சத்தம் குறையும் இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். கடைக்காரருக்கு இது தெரியவில்லை என்றால் பழுது பார்க்கவும் தெரியாது. கைப்பிடி பத்து நொடியில் சூடாகிறதா என்றும் தொட்டுப் பாருங்கள்.

பேட்டரி 7.4 வோல்ட் லிப்போ (லித்தியம் பாலிமர்) போதும். 11.1 வோல்ட் போட்டால் ‘சும்மா பறக்கும் சார்’ என்பார்கள். பறக்கும், சில ஆயிரம் குண்டு வரை. பிஸ்டன் முன்னுக்கு வந்து சேரும் முன்பே பல்சக்கரம் அடுத்த சுற்றுக்கு வந்து பிடிக்கும், பிஸ்டனின் முதல் இரண்டு பற்கள் வழித்துக்கொண்டு போகும். அப்புறம் மோட்டார் மட்டும் ஓடும், குண்டு வராது. பேட்டரி செல் ஒன்றுக்கு 3.0 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடக் கூடாது. வைத்திருக்கும்போது 3.8 வோல்ட்டில் வைக்க வேண்டும். சார்ஜர் எல்லாச் செல்லையும் சமமாக நிரப்பும் பேலன்ஸ் வகையாக இருக்க வேண்டும். பெட்டியோடு வரும், ஒரே ஒரு விளக்கு எரியும் மலிவு சார்ஜரைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள், சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கவும் போகாதீர்கள். உபயோகித்து முடித்ததும் மேகசினைக் கழற்றிவிட்டு, வலைக்குள் ஒற்றைச் சுடலில் இரண்டு முறை சுட்டு வையுங்கள். தொடர்ச்சுடலில் நிறுத்தினால் ஸ்பிரிங் பாதி இழுத்த நிலையில் நின்றுவிடும், நாளாக நாளாக வலுவிழக்கும்.

எத்தனை மீட்டர் போகும் என்று எல்லோரும் கேட்கிறார்கள், மேசைக்குப் பின்னால் இருப்பவர் நூறு மீட்டர் என்கிறார். நூறு மீட்டர் போகாது. ஒரு ஜூல் துப்பாக்கியில் பயனுள்ள தூரம் 40, 50 மீட்டர். அதுவும் ஹாப்-அப் இருப்பதால்தான். குழலின் பின்முனையில், குண்டு நுழையும் இடத்தில், மேல்பக்கம் ஒரு சிறிய ரப்பர் மேடு குண்டை உரசிப் பின்சுழற்சி கொடுக்கும். அந்தச் சுழற்சி குண்டைக் காற்றில் தாங்கிப் பிடிக்கும். ஹாப் இல்லாமல், நொடிக்கு 100 மீட்டர் வேகக் குண்டு 10 மீட்டர் போவதற்குள்ளேயே 5 செ.மீ. கீழே இறங்கிவிடும். ஹாப்பை முழுக்க அணைத்துவிட்டு ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, குண்டு நேர்க்கோட்டில் போய்க் கடைசியில் மட்டும் தணியும் இடத்தில் நிறுத்துங்கள். குண்டு வானத்துக்கு ஏறினால் அதிகம். அந்த ரப்பரில் எண்ணெய் படக் கூடாது. கேஸ் துப்பாக்கியில் எண்ணெய் அதிகம் விட்டால் முதல் பத்துக் குண்டுகள் தாறுமாறாகப் போவது இதனால்தான்.

வேகத்தைக் காட்டுவதில் நடக்கும் சின்ன ஏமாற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோ கருவியில் நொடிக்கு 420 அடி என்று காட்டுவார்கள். எந்தக் குண்டு போட்டார்கள் என்று பாருங்கள். 0.12 கிராம் குண்டு போட்டால் ஒரு ஜூல் துப்பாக்கியே 420 அடி காட்டும். அதே துப்பாக்கி 0.20 கிராமில் 328 அடிதான். கணக்கு எளிது: எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்குங்கள், எடை கிலோவில், வேகம் நொடிக்கு எத்தனை மீட்டர் என்பதில். வருவது ஜூல். ஜப்பானில் 2006 முதல் வரம்பு 0.98 ஜூல். பிரிட்டனில் தொடர்ச்சுடலுக்கு 1.3, ஒற்றைச் சுடலுக்கு 2.5. மேசைமேல் வேகத்தை நொடிக்கு எத்தனை அடி என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது, ஜூலிலும் எழுதியிருக்க வேண்டும். 10 மீட்டர் ஏர் ரைபிள் 0.53 கிராம் பெல்லட்டைச் சுடும் ஆற்றல் ஏறத்தாழ 7.5 ஜூல் என்பதையும் அருகே எழுதி வைத்தால், பெற்றோருக்கு எது எவ்வளவு என்று ஒரே பார்வையில் புரியும்.

குண்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். திருவிழாக் கடைப் பொம்மைத் துப்பாக்கியோடு வரும் மஞ்சள் 0.12 குண்டை நல்ல துப்பாக்கியில் போட்டால் குழலில் சிக்கும், இல்லையென்றால் உள்ளேயே உடையும். நல்ல குண்டு 5.95 மி.மீ., இரண்டு அச்சு சேர்ந்த கோடு விரலில் தட்டுப்படாது. பத்துக் குண்டைக் கண்ணாடிமேல் உருட்டி விடுங்கள். ஆடி ஆடி ஓடுகிற குண்டுக்குள் காற்றுக்குமிழி இருக்கிறது. பிஸ்டலுக்கு 0.20 அல்லது 0.25, ரைபிளுக்கு 0.25 முதல் 0.28. தரையில் விழுந்ததைப் பொறுக்கிப் போடக் கூடாது, ஒரு மணல் துகள் போதும் குழலைக் கீற.

கண்ணுக்கு வருவோம். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமே இல்லை. இஎன்166 என்ற ஐரோப்பியத் தரத்தில் ‘எஃப்’ என்று முத்திரை உள்ள கண்ணாடியை 0.86 கிராம் இரும்புக் குண்டு நொடிக்கு 45 மீட்டரில் அடித்துச் சோதிக்கிறார்கள். அது 0.87 ஜூல். மேசையில் இருக்கும் சாதாரண ஏஇஜியே 1.1 ஜூல். அதாவது ஹார்ட்வேர் கடைக் கண்ணாடி தாங்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ‘பி’ முத்திரை 120 மீட்டர் வேகத்துக்கு, ஆறு ஜூலுக்கு மேல். முகத்தோடு ஒட்டி நாலு பக்கமும் மூடும் ‘பி’ கண்ணாடிதான் வேண்டும். கம்பிவலைக் கண்ணாடி பனி படியாது என்பதால் விற்கிறது, ஆனால் குண்டு உடைந்தால் அதன் தூள் கண்ணிகள் வழியாக உள்ளே வரும். மூக்குக்கண்ணாடி போட்டிருப்பவர்களுக்குத் தனி வார்த்தை: உங்கள் கண்ணாடி பாதுகாப்பு இல்லை, உடைந்தால் அதுவே ஆபத்து. அதன்மேல் போடும் பெரிய கண்ணாடி கேளுங்கள்.

கண்காட்சி நடத்துகிறவர்களுக்குச் சுடும் பாதை அமைப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தவறு அங்கேதான் நடக்கிறது. பிளைவுட் பலகையைப் பின்னால் நிறுத்தி அட்டை ஒட்டுவார்கள். குண்டு பலகையில் பட்டு அப்படியே கூட்டத்துக்குத் திரும்பும். நர்சரிகளில் கிடைக்கும் பச்சை நிழல்வலையை இரண்டடுக்காக, இடையே ஒரு சாண் இடைவெளி விட்டு, தளர்வாகத் தொங்கவிடுங்கள். இறுக்கிக் கட்டினால் அதுவும் திருப்பி அடிக்கும். தளர்வான துணி குண்டின் வேகத்தை வாங்கிக்கொண்டு கீழே போடும். பக்கங்களிலும் மேலேயும் வலை வேண்டும். இரும்புத் தட்டு இலக்கு வைத்தால் முன்பக்கம் சாய்த்து வையுங்கள், குண்டு தரைக்குப் போகும். தரையில் தார்ப்பாய் விரித்து, ஓரத்தை மடித்துவிடுங்கள். வழவழப்பான கிரானைட் தரையில் பிளாஸ்டிக் குண்டு சிதறினால் நடந்து வருகிறவர் வழுக்கி விழுவார், அதனால் அரை மணிக்கொரு தடவை பெருக்க ஆள் வேண்டும். வாசலில் ஒருவர் கண்ணாடி கொடுக்க, சுடுகிறவரின் தோளருகே ஒருவர் நிற்க. சுட்டு முடித்ததும் மேகசினைக் கழற்றி, வலைக்குள் ஒருமுறை வெறுமனே சுட்டு, அதன் பிறகே மேசையில் வைக்க வேண்டும். மேகசின் கழற்றிய பிறகும் குழலில் ஒரு குண்டு தங்கியிருக்கும், கண்ணில் படும் விபத்துகள் அந்த ஒற்றைக் குண்டால்தான் வருகின்றன.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. 2016 ஆயுத விதிகள் ஏர் ஆயுதங்களுக்கு 20 ஜூல், 4.5 மி.மீ. என்று கோடு போட்டிருக்கின்றன. அதற்குள் வரும் ஏர்கன்னுக்கே கடைக்காரர் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்டுப் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறார். ஏர்சாஃப்ட் ஆற்றலில் எவ்வளவோ கீழே, குழல் விட்டத்தில் 6 மி.மீ. ஆகவே ‘இது வெறும் ஒரு ஜூல் சார்’ என்ற பதிலோடு திருப்திப்படாதீர்கள். எந்த விதியின் கீழ் விற்கிறார், எப்படி இறக்குமதி செய்தார் என்று எழுத்தில் கேளுங்கள். பில்லில் மாடல் பெயர், வரிசை எண், குழல் விட்டம், ஜூல் நான்கும் இருக்க வேண்டும். பில் இல்லாமல், ‘பொம்மை’ என்று துண்டுச்சீட்டில் எழுதித் தருகிறவரிடம் வாங்கினால் நாளை போலீஸ் கேட்கும்போது காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது. அமெரிக்காவில் குழல்முனையில் குறைந்தது 6 மி.மீ. ஆரஞ்சு நிறம் இருக்க வேண்டும். அந்த நுனியைக் கறுப்பு அடித்து அழகு பார்க்காதீர்கள். நம்ம மெட்ரோவில் பையை ஸ்கேனரில் போட்டால் திரையில் தெரிவது பிஸ்டல்தான், பிளாஸ்டிக்கா நிஜமா என்று அங்கே யாருக்கும் தெரியாது. வண்டியில், பூட்டிய பெட்டியில், பேட்டரியும் கேஸும் வேறாக வைத்து எடுத்துப் போங்கள். கேஸ் குப்பியைக் கூரியரில் போடாதீர்கள், விமானத்திலும் எடுத்துப் போகாதீர்கள்.

விலை கேட்கும்போது துப்பாக்கி விலையை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். இரண்டாவது மேகசின், ‘பி’ முத்திரைக் கண்ணாடி, பேலன்ஸ் சார்ஜர், நல்ல குண்டு ஒரு பை எல்லாம் சேர்த்துக் கேளுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி: ஹாப் ரப்பர், மேகசின் வால்வு, பிஸ்டன் உதிரியாக இருக்கிறதா? மேசைக்கு அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்து, “இந்த மாடலுக்கு இது சார்” என்று விரலால் தள்ளிக் காட்டுகிறவரிடம் வாங்குங்கள். “ஆர்டர் போட்டா வரும்” என்று சொல்கிறவரிடம் குண்டு மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.